காளவாசல் கமாண்டோ

தன் கல்யாணத்துக்கு லீவு வாங்கிக்கொண்டு மதுரை ஜங்ஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்த சூரியபிரகாஷ், காளவாசல் சிக்னலில் தன்னையே பார்த்தான். ஒரு ஆளாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்று ஆளாக, மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.

இடது பக்கம் நின்றவன் பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையுமாக, கையில் வேல்கம்போடு நின்றான். வலது பக்கம் நின்றவன் கோட்டு சூட்டு மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஏதோ ஒரு வெளிநாட்டுக் காரில் சாய்ந்திருந்தான். நடுவில் நின்றவன்தான் வம்பே. உடம்பெல்லாம் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய் மிலிட்டரி உடுப்பு, தலையில் கருஞ்சிவப்புத் தொப்பி, கையில் நீளத் துப்பாக்கி, முதுகுக்குப் பின்னால் ஹெலிகாப்டர், அதற்கும் பின்னால் பற்றி எரிகிற ஒரு மலை. 'எதிரிகளின் தூக்கத்தைக் கெடுத்த எங்கள் கமாண்டோவே, இல்லறத்துக்கு வருக!' என்று தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓரத்தில் இதய வடிவத்துக்குள்ளிருந்து கல்யாணப் பெண் அஸ்வினி, நடப்பது எதுவும் தெரியாதவளாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று உடம்பில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. தலை மட்டும்தான் அவனுடையது. அதுவும் எந்தத் தலை? ஆதார் அட்டைக்கு எடுத்த தலை. ஆதார் அட்டையில் எவன் முகத்திலாவது வீரம் இருந்து நீங்கள் பார்த்ததுண்டா? தூக்கம் கெட்டுப் போனவன் எதிரி இல்லை, இவன்தான் என்பது போல அந்த முகம் முழித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஓரங்கட்டுங்க" என்றான். ஆட்டோக்காரர் ஃப்ளெக்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, அது நீங்களா?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

சூரியபிரகாஷ் பட்டாளத்தில்தான் இருக்கிறான். அதில் பொய் இல்லை. ஆனால் அங்கே அவன் டெய்லர். உடுப்புத் தைக்க, இருக்கிற உடுப்பை ஆளுக்குத் தக்கப் பிடித்துக் கொடுக்க, பட்டனும் பட்டியும் கட்ட என்று ராணுவத்திலேயே ஆள் எடுப்பார்கள். மற்றவர்களைப் போலவே ஓடி, கயிறு ஏறி, மார்பளவு காட்டித்தான் தேர்வானான். வேலையில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் தைத்த சட்டையைப் போட்டு நூறு பேர் ஒரே வரிசையில் நிற்கும்போது, ஒரு தோள்பட்டையாவது கோணினால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவன் கண்ணுக்கு அந்த நடு உடம்பு எப்படிப் பட்டிருக்கும்? அந்தத் திட்டு நம் நாட்டுப் பட்டாளத்துத் திட்டே இல்லை. சட்டை ஏதோ ஒரு நாட்டுக்காரனுடையது, கால்சட்டை வேறொரு நாட்டுக்காரனுடையது. நெஞ்சில் இருந்த மெடல்களை வாங்க வேண்டுமென்றால் ஒரு மனிதன் அஞ்சாறு பிறவி எடுத்துச் சண்டைக்குப் போயிருக்க வேண்டும். புஜத்தில் அந்த அந்நிய நாட்டுக் கொடி இருந்த இடத்தை ஒரு முழம் மல்லிகைப் பூவை வைத்து மறைத்திருந்தார்கள். துப்பாக்கியோடு மல்லிகைப்பூச் சூடிய பட்டாளத்தான் உலகத்திலேயே காளவாசலில் மட்டும்தான் இருக்கிறான்.

ஃப்ளெக்ஸ் அடித்தது யாரென்று கேட்கத் தேவையே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காளை, பக்கத்துச் சந்திலேயே கடை வைத்திருக்கிறான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றான் சூரியபிரகாஷ்.

"வாடா மாப்ள!" காளை கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். நல்ல கனமான ஆள். "பாத்தியாடா? எப்படி?"

"கழட்டுடா அத."

"எத?"

"அந்தக் கருமத்தத்தான். எந்த நாட்டுக்காரன் உடம்புடா அது?"

"எந்த நாடா இருந்தா என்னடா? உடம்பு கிண்ணுனு இருக்குல்ல. நம்ம ஆளுக படம் எல்லாம் மங்கலா இருந்துச்சு. அதான்."

"மெடலு எம்புட்டுடா குத்தி வச்சிருக்க?"

"நெஞ்சு காலியாக் கெடந்துச்சுடா. காசா பணமா, குத்தி விட்டேன்."

"டேய், எங்க யூனிட்ல ஒருத்தன் கண்ணுல பட்டாலும் எனக்குச் சங்குடா. கழட்டு. இப்பவே ஏறிக் கழட்டு."

காளையின் முகம் மாறிவிட்டது. தோளில் போட்டிருந்த கையை எடுத்தான். "கல்யாண ஃப்ளெக்ஸ கல்யாணத்துக்கு முந்தி இறக்குறதா? வெளங்குமாடா? பொண்ணு படம் இருக்குடா அதுல. காத்துல கிழிஞ்சாக்கூட ஒட்டுப் போட்டு நிறுத்துவோமே தவிர இறக்க மாட்டோம். உங்கப்பாட்ட கேளு. ஒரு பய ஏணில கால வைக்க மாட்டான்."

அது வாஸ்தவம்தான். செக்கானூரணியில் இருந்து இந்தப் பக்கம் வரை எந்த மடையனிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கிற படத்தை இறக்குவது பந்தலைப் பிரிப்பதற்குச் சமம். ஃப்ளெக்ஸ் என்ற சமாச்சாரம் வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்குள் அதற்கும் ஒரு சாத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் பாருங்கள்.

"திருநகர்ல பொண்ணு வீட்டுத் தெரு மொனைல இதவிடப் பெருசா ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான் காளை, சமாதானப்படுத்துகிற குரலில். "உன் மாமனாரு நின்னு பாத்துட்டு அப்படியே கண் கலங்கிட்டாருடா. 'எங்க கமாண்டோ'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு பாரு."

சூரியபிரகாஷ் பெட்டியைக் கீழே வைத்தான். "அவருக்குத்தான் நான் டெய்லர்னு தெரியுமேடா."

"தெரியுமா? உங்கப்பாதான கமாண்டோன்னு போடச் சொன்னாரு."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். நேரே வீட்டுக்குப் போனான்.

வீட்டு வாசலில் பந்தல்கால் ஊன்றி, மாவிலை கட்டி, அப்பா மொக்கையன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பந்தல்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் எழுந்துகொண்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவன் கொஞ்சம் தயங்கினான் என்பது உண்மைதான். ஆனாலும் கேட்டுவிட்டான்.

"ஏம்ப்பா, பொண்ணு வீட்டுல என் வேலையச் சொல்லிட்டேன்னு போன்ல சொன்னியே. சொன்னியா, இல்லையா?"

"சொன்னேனே. மிலிட்டரின்னு சொன்னேன்."

"டெய்லர்னு சொன்னியா?"

"அவுக கேக்கலையே."

"கேக்காட்டி? சொல்ல மாட்டியா?"

மொக்கையன் பந்தல்காரனை ஒரு பார்வை பார்த்தார். அவன் நகர்ந்து போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு தலைமுறையா காடு கரையோட இருக்க குடும்பம்டா நம்மது. பட்டாளத்துல இருக்கான் மகன்னு சொல்லும்போது என் நெஞ்சு எம்புட்டு நிமிந்துச்சு தெரியுமா? ஊசி நூலு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு என் வாயால எப்படிடா சொல்லச் சொல்ற? துணி தைக்கிறதுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமான்னு கேப்பானுகடா."

அந்தப் பேச்சு எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. இத்தனை வருஷமும் அப்பா ஒருநாள்கூட அவன் வேலையைக் குறைத்துப் பேசியதில்லை. பேசாமலே இவ்வளவையும் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறார். அவனுக்குக் கோபமாக வந்தது.

"கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்ப்பா. அந்தப் பொண்ணு தெரியாம கழுத்த நீட்டக் கூடாது."

"நின்னா நான் நாண்டுக்கிட்டுச் சாவேன்" என்றார் மொக்கையன், பந்தல்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே.

அஸ்வினியிடம் சொல்லிவிடலாமே, இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். பரிசம் போட்டதிலிருந்து ரெண்டு பேரும் தினமும் போனில் பேசுகிறார்கள். ஸ்கேன் சென்டர் மேனேஜரின் கஞ்சத்தனத்திலிருந்து அவள் ஸ்கூட்டியின் பிரேக் வரைக்கும் எல்லாம் பேசியாயிற்று. அவன் வேலையைப் பற்றி மட்டும் பேசியதில்லை. பேசவிட்டதில்லை அவள். முதல் நாளே, "உங்க வேலையப் பத்தி மட்டும் வேணாங்க, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டாள். டெய்லர் என்று தெரிந்துதான், தன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நாசூக்காகத் தவிர்க்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். என்ன குணம் இந்தப் பொண்ணுக்கு என்று மெஷினை மிதித்துக்கொண்டே தனியாகச் சிரித்திருக்கிறான். முட்டாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

அன்று சாயங்காலமே போன் போட்டான். "ஒரு முக்கியமான விஷயம். என் வேலையப் பத்தி."

"வேணாங்க."

"இல்ல, இத நீங்க தெரிஞ்சுக்கணும். நான் அங்க..."

"ஐயோ, சொல்லாதீங்க. எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிய வேணாம்." குரல் உடைந்த மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. வாட்ஸாப்பில் 'நான் டெய்லர்' என்று அடித்துப் பார்த்தான். பார்க்கவே அசிங்கமாக இருந்தது, ஏதோ குற்றம் செய்தவன் ஒப்புக்கொள்வது மாதிரி. இது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் பரிசம் போட்டபின் மாப்பிள்ளை பெண்ணைப் போய்ப் பார்க்கக் கூடாதாம். அடித்ததை அழித்துவிட்டு, மாமனாரையாவது பார்ப்போம் என்று மறுநாள் காலையில் திருநகருக்கு பைக்கை விட்டான்.

அழகுராஜா அங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளையைக் கண்டதும் கல்லாவை விட்டு இறங்கி ஓடி வந்தார். டீ வந்தது, வடை வந்தது, பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் புஜத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வேறு போனார். எல்லோரும் போனபிறகு சூரியபிரகாஷ் டீயைக் கீழே வைத்தான்.

"மாமா, எங்கப்பா உங்ககிட்ட ஒண்ணச் சொல்லாம விட்டுட்டாரு. நான் கமாண்டோ இல்ல. பட்டாளத்துல டெய்லரா இருக்கேன்."

அழகுராஜா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கடைப் பையனைப் பார்த்து, "நீ போயி சாப்பிட்டு வாப்பா" என்றார். அவன் போனதும் வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, காதோரம் குனிந்தார்.

"மாப்ள, ரோட்டோரக் கடையில வச்சு இதெல்லாம் பேசலாமா?"

"எதையெல்லாம் மாமா?"

"எனக்குத் தெரியும் மாப்ள. யாரு கேட்டாலும் சமையக்காரன், டெய்லர்னு சொல்லச் சொல்லித்தான் உங்களுக்கு ட்ரெயினிங்கே குடுப்பாக. பெரிய பெரிய ஆபரேஷனுக்குப் போறவுகளுக்கெல்லாம் அப்படித்தானாம். ஒருத்தரு எனக்கு வெவரமாச் சொல்லியிருக்காரு."

"மாமா, சத்தியமா நான் டெய்லர்."

"சத்தியமா டெய்லர்தான்" என்று கண்ணைச் சிமிட்டினார் அழகுராஜா.

மண்டை காய்ந்துவிட்டது அவனுக்கு. செல்போனை எடுத்து, யூனிட்டில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிற தன் படத்தைக் காட்டினான். கழுத்தில் அளவு நாடா, காதில் செருகிய சாக்குக்கட்டி, மேஜை நிறைய வெட்டிப் போட்ட துணி. இதற்கு மேல் ஒருவன் என்ன சாட்சி காட்டுவது? மாமனார் படத்தை விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"அடேயப்பா!" என்றார். "செட்டிங்கே போட்டு போட்டோ எடுத்துக் குடுத்திருக்காகளே மாப்ள! நம்ம கவர்மெண்டு லேசுப்பட்டது இல்லய்யா!"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கடை நிறையக் கம்பியும் கடப்பாரையுமாகக் கிடந்ததில் ஒன்றை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டால்கூட, 'எப்படித் தாங்குறாரு பாருங்க, கமாண்டோல்ல' என்பார் இந்த மனிதர்.

"இன்னொண்ணு மாப்ள" என்றார் அவர். "ரிசப்ஷனுக்கு நாங்க கோட்டு சூட்டு எடுக்கல. எடுக்கவும் மாட்டோம். நீங்க மிலிட்டரி உடுப்புலதான் நிக்கணும். எங்க சொந்தக்காரன் பூராப் பயலும் பாக்கணும்."

"உடுப்ப யூனிட்லயே வச்சிட்டு வந்துட்டேன் மாமா. விசேஷத்துக்கெல்லாம் இஷ்டத்துக்குப் போட முடியாது."

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார் அழகுராஜா. அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் அடுத்து வருகிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். மண்டபத்து மாப்பிள்ளை அறையில் சூரியபிரகாஷ் முண்டா பனியனோடு நின்றுகொண்டிருக்க, காளை ஒரு பாலித்தீன் உறையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே இருந்து ஒரு மிலிட்டரி உடுப்பு வெளியே வந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து மாமனார் எடுத்துவரச் சொன்னதாம். தோளில் தங்கக் காகித நட்சத்திரங்கள், எந்தப் பெரிய அதிகாரிக்கும் இல்லாத அளவுக்கு. நெஞ்சில் பிளாஸ்டிக் மெடல். கால்சட்டைக்கு இடுப்பில் எலாஸ்டிக்.

"பெரிய ஆளு சைஸே வச்சிருக்கான்டா" என்றான் காளை.

சூரியபிரகாஷ் அதை வாங்கி, மடித்து, உறைக்குள் வைத்து, காளையின் கையிலேயே திணித்தான். "டேய், என் கையால தச்சுக் குடுத்த உடுப்பப் போட்டுக்கிட்டுப் போனவனுகளப் பெட்டியில பாத்திருக்கேன்டா. இத மாட்டிக்கிட்டு மேடையில நின்னு பல்லக் காட்டச் சொல்றியா? நான் செத்தாலும் மாட்ட மாட்டேன்."

காளை உறையை ஓரமாக வைத்தான். அவன் கெட்டவன் இல்லை, பாவம். நண்பன் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தான், அவ்வளவுதான். உலகத்தில் முக்கால்வாசித் தொல்லை அப்படி நினைப்பவர்களால்தான் வருகிறது.

அப்படியானால் எதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவது? அறையின் மூலையில் தாய்மாமன் பேயாண்டி ஒரு ஜவுளிப் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். உள்ளே பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, துண்டு.

"மாமா, அத இப்பக் குடுங்க. கட்டிக்கிட்டுப் போறேன்."

"என்ன வெளையாடுறியா மருமகனே?" பேயாண்டி பையை இன்னும் இறுக்கினார். "தாய்மாமன் எடுத்த வேட்டி தாலி கட்டும்போதுதான் ஒடம்புல படணும். இன்னைக்கே கட்டிட்டா நாளைக்கு அது பழசு. பழந்துணியிலயா தாலி கட்டப் போற? உங்கம்மாவக் கேளு."

அம்மா ஜெயக்கொடியைக் கேட்கவே வேண்டாம். மகன் ரயிலில் வந்த கட்டம் போட்ட சட்டையோடு மேடை ஏறப் போகிறானே என்று அவள் ஏற்கெனவே மூக்கைச் சிந்த ஆரம்பித்திருந்தாள். வெளியே காளவாசலில் மூன்று விதமான உடுப்போடு மாடி உயரத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைக்கு, இங்கே கட்டிக்கொள்ள ஒரு துணி இல்லை. அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது, ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

கடைசியில் காளைதான் பைக்கில் வீட்டுக்கு ஓடி, தன் கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டையும் பேண்ட்டையும் எடுத்து வந்தான். அதற்குள் சூரியபிரகாஷ் ரெண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கலாம். அவன் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பெட்டியில் எப்போதும் கிடக்கிற ஊசியையும் நூலையும் எடுத்தான். பக்கத்தைப் பிரித்து, முதுகைப் பிடித்து, கையைச் சுருக்கி, தோளை ஏற்றித் தைத்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவன் சொன்னதைக் கேட்ட ஒரே பொருள் அந்தக் கோட்டுதான். மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கனகச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மேடைக்குப் போனால், மாமனாருக்கு முகம் விழுந்துவிட்டது. "உடுப்பு எங்க மாப்ள?" என்று பல்லுக்குள்ளே கேட்டார். அரக்குப் பட்டில், நெற்றிச்சுட்டியோடு நின்றுகொண்டிருந்த அஸ்வினி அவனைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். போன் பேசாமல் இருந்த இந்த நாட்களில் அவள் இளைத்திருந்தது போல இருந்தது. 'உங்ககிட்டப் பேசணும்' என்று அவன் வாயைத் திறப்பதற்குள் கவர் கொடுக்கிறவர்களும் போட்டோ எடுக்கிறவர்களும் வரிசை கட்டிவிட்டார்கள்.

மைக் பிடித்திருந்தவன் வேறு சும்மா இருந்தானா? "எல்லையில் பகைவனைப் பந்தாடிய கரங்கள், நாளை இந்தக் கன்னியின் கரம் பற்றப் போகின்றன" என்று மூச்சு விடாமல் முழங்கினான். "மாப்பிள்ளை நமக்காக ரெண்டு வார்த்தை பேசுவார்!"

மைக் கைக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்தான். முன் வரிசையில் அப்பா, புது வேட்டியில், கெஞ்சுகிற கண்ணோடு. பார்வையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். "வெளிய ஃப்ளெக்ஸ்ல இருக்கிறது நான் இல்ல. நான் கமாண்டோவும் இல்ல. பட்டாளத்துல நான் டெய்லர். உடுப்புத் தைக்கிறேன், கிழிஞ்சத ஒட்டுப் போடுறேன், பட்டன் கட்டுறேன். அதான் என் வேலை. இதப் பொண்ணு வீட்டுல முறையாச் சொல்லல. அது எங்க தப்பு. வேணாம்னு நெனச்சா இப்பவே சொல்லிரலாம். தாலி நாளைக்குத்தான்."

அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள், பின்வரிசையில் எவனோ ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், அப்படியே பற்றிக்கொண்டது. கைத்தட்டு, விசில், ஆரவாரம். "என்னா தன்னடக்கம்யா!" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். "மிலிட்டரி ரகசியம்டா, உசுரே போனாலும் சொல்ல மாட்டாங்க" என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அழகுராஜா விழுந்த முகத்தைத் தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொந்தக்காரர்களைப் பெருமையாகப் பார்த்தார்.

"நெசமாத்தாங்க சொல்றேன்!" அவன் கோட்டை விரித்து உள்பக்கத்தைக் காட்டினான். "இந்தாப் பாருங்க, இது என் ஃப்ரெண்டு கோட்டு. நான்தான் பிடிச்சுத் தச்சேன். இந்தா தையல்! நல்லாப் பாருங்க!"

கூட்டம் இன்னும் சிரித்தது. மைக் பிடித்திருந்தவன் அதைத் திரும்பப் பிடுங்கி, "வீரத்தோடு நகைச்சுவையும் கொண்ட நம் மாப்பிள்ளைக்கு இன்னொரு முறை பலத்த கரகோஷம்!" என்றான். அந்தக் கூட்டத்தில் மொக்கையன் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு ஆளும் சிரிக்கவில்லை. விரித்துப் பிடித்த கோட்டின் உள்பக்கத்தை, மருதாணி வைத்த ஒரு விரல் மெதுவாகத் தொட்டது. புதுத் தையலை மேலிருந்து கீழ்வரைக்கும் தடவிப் பார்த்தது.

"நெசமா?" என்று கேட்டாள் அஸ்வினி. அத்தனை இரைச்சலிலும் அது அவனுக்கு மட்டும் கேட்டது.

"நெசம்."

"சத்தியமா டெய்லரா?"

"எங்கம்மா சத்தியமா."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முடிந்தது கதை என்று நினைத்தான். பாவம், எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள். "அழுகாதீங்க" என்றான். "உங்களுக்குப் பிடிக்கலன்னா நானே உங்கப்பாட்ட..."

"சண்டைன்னு வந்தா உங்கள அனுப்ப மாட்டாங்கல்ல?"

அவனுக்குப் புரியவில்லை.

"பரிசம் போட்டதுல இருந்து எனக்கு ஒழுங்காத் தூக்கம் இல்லங்க" என்றாள். வார்த்தை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. "டிவில நியூஸ் போட்டா எந்திரிச்சுப் போயிருவேன். நீங்க வேலைன்னு பேச்ச எடுத்தாலே கையும் காலும் உதறும். அதான் போன வச்சேன். எந்த மலைக்குப் போகப் போறேன்னு சொல்லப் போறீங்களோன்னு. எங்கப்பா கமாண்டோ கமாண்டோன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாராரு, எனக்கு ஒவ்வொரு தடவையும் தாலியக் கழட்டுற மாதிரியே இருக்கும். யாருகிட்டச் சொல்லி அழுவேன்? டெய்லர்னா உள்ளயேதான இருப்பீங்க? சொல்லுங்க. அனுப்ப மாட்டாங்கல்ல?"

பட்டாளத்தில் வெறும் டெய்லர் என்று ஒரு ஆள் கிடையாது. எல்லோரும் முதலில் சிப்பாய், அப்புறம்தான் மற்றதெல்லாம். போன குளிருக்கு அவன் யூனிட் மலைமேல் ஏறியபோது, கை மெஷினைக் கோவேறு கழுதைமேல் கட்டிவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனும்தான் ஏறினான். பக்கத்துப் படுக்கைக்காரன் முடி வெட்டுகிறவன். போகும்போது நாலு பேருக்குச் சவரம் பண்ணிவிட்டுக் கிளம்பியவன், திரும்பி இறங்கவில்லை. லீவு முடிந்து போனதும் யூனிட் மறுபடி மேலே போகிறது.

இத்தனை நாளும் தெருத்தெருவாக, ஆள் ஆளாக உண்மையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் அவன். ஒருத்தர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்ட ஒரே ஒருத்தி இதோ முன்னால் நிற்கிறாள், கோட்டின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக அவன் வாயையே பார்த்துக்கொண்டு.

"டெய்லரப் போயி எவனாவது சண்டைக்கு அனுப்புவானா?" என்றான் சூரியபிரகாஷ். "உக்காந்த எடத்துல மெஷின மிதிக்கிற வேலை. அனுப்பவே மாட்டாங்க."

அஸ்வினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அப்படியே, அப்படியே சிரிங்க மேடம்" என்று போட்டோகிராபர் கத்தினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.